வழுக்கும் கிளட்சும் வழுக்காத புத்தியும்

"ஸ்லிப்பர்" என்ற சொல் நமது இல்லங்களில் வெகு காலமாகப் புழங்கி வருவது. ஸ்நான அறையின் வாசலில் ஜோடியாகக் கிடக்கும். விலை இருநூறு ரூபாயைத் தாண்டினால் வீட்டு அம்மாள் கடைக்காரரோடு வழக்காடாமல் விடமாட்டாள். இப்படியிருக்க, உத்தியோகம் பார்த்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை ஒரு நாள் சாவதானமாக வந்து, "ஒரு ஸ்லிப்பர் வாங்கப் போகிறேன்; அறுபதினாயிரம் ரூபாய் ஆகும்" என்று சொன்னால், பெற்றோர் திகைப்பது நியாயமே. அதிலும் ஒற்றை ஸ்லிப்பர்!

அவன் சொல்வது காலில் மாட்டுவது அன்று. மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள்ளே மாட்டுவது. "ஸ்லிப்பர் கிளட்ச்" என்பது அதன் முழுப் பெயர். வண்டியோடு கூட வந்த கிளட்சின் நடுப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கென்றே வேறு கம்பெனிகள் செய்து விற்கும் இந்த உறுப்பை அவ்விடத்தில் பொருத்துகிறார்கள். இத்தாலியில் எஸ்.டி.எம்., ஸ்விட்ஸர்லாந்தில் ஸூட்டர் ஆகிய கம்பெனிகள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. இதைக் கேட்கும் இளைஞர்கள் பெரும்பாலும் "டிராக் டே" என்னும் பழக்கம் உள்ளவர்கள்.

டிராக் டே என்பது பந்தயம் அன்று. பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. பந்தயத்துக்கென்று போட்ட பாதையில், கட்டணம் செலுத்தி, தோலாடையும் தலைக்கவசமும் அணிந்து, எதிரே லாரியோ மாட்டு வண்டியோ வராது என்ற நிச்சயத்துடன் தம் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள் அது. சென்னைக்கருகில் சோழவரத்து விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் நடந்து வந்த பந்தயங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1953இல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பிற்பாடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைத்து, 1990இல் திறந்தார்கள். சுற்றளவு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். சாலையில் வேகம் காட்டி ஊராரின் பிராணனை வாங்குவதைக் காட்டிலும் அங்கே போய் ஓட்டுவது எவ்வளவோ மேல் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. கேள்வியெல்லாம் அந்த அறுபதினாயிரத்தைப் பற்றியதே. அதைச் செலவிடத்தான் வேண்டுமா? வேண்டுமானால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் நோயை அறிவோம். மருந்தைப் பின்னர்ப் பார்க்கலாம்.

நேர்ப் பாதையில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வருகிறது, எதிரே வளைவு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாக வேண்டும். ஓட்டுகிறவன் ஆக்ஸிலரேட்டரை மூடி, முன் பிரேக்கை அழுத்துகிறான். உடனே வண்டியின் பளுவெல்லாம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும், விருந்துக்கு வந்த சங்கோஜி திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

இதே சமயத்தில் கியரையும் இறக்க வேண்டும். நாலாவது கியரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கியரின் விகிதம் நாலாவதைவிடக் கால் பங்கு அதிகமானால், அதே வேகத்தில் எஞ்சின் 10,000 சுற்றுச் சுற்ற வேண்டியதாகிறது. அந்த அதிகப்படி 2,000 சுற்றை எஞ்சினுக்கு யார் கொடுப்பது? ஆக்ஸிலரேட்டரோ மூடிக் கிடக்கிறது. ஆகவே பின் சக்கரமே எஞ்சினைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எஞ்சினோ எளிதில் சுழலாது. காற்று வரும் வழி அடைபட்டிருப்பதால், வாயை விரலால் மூடிய புட்டியிலிருந்து உறிஞ்சுவது போல, உள்ளே பிஸ்டன்கள் திணறுகின்றன. அந்தத் திணறல் முழுவதும் சங்கிலி வழியாகப் பின் சக்கரத்தைப் பற்றி இழுக்கிறது. தரையில் நன்றாக ஊன்றியிருந்தால் சக்கரம் தாங்கிக்கொள்ளும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சங்கோஜி எவ்வாறு தாங்குவான்? சக்கரம் பற்றுவதும் விடுவதுமாகத் தட தடவென்று துள்ளுகிறது. வண்டி நேராக இருக்கும் வரையில் இது வயிற்றைக் கலக்குவதோடு சரி. வளைவுக்காகச் சாய்க்கத் தொடங்கிய கணத்தில் இது நேர்ந்தால், பின் சக்கரம் பக்கவாட்டில் விலகி, ஓட்டுகிறவன் கீழே விழுவான்.

சாதாரணக் கிளட்ச் இந்த அபாயத்தைத் தடுப்பதில்லை. உராய்வுப் பிளேட்டுகளும் எஃகுப் பிளேட்டுகளும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்க, மேலே பிரஷர் பிளேட் என்னும் தட்டு ஸ்பிரிங்குகளின் பலத்தால் அவற்றை இறுக்கிக்கொண்டிருப்பதே கிளட்ச். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் விசையையும், சக்கரத்திலிருந்து எஞ்சினுக்குத் திரும்பி வரும் விசையையும் அது ஒரே மாதிரி நடத்துகிறது. ஸ்லிப்பர் கிளட்ச் அவ்வாறு சமநோக்கு உடையது அன்று. அதன் ஹப் இரண்டு பகுதிகளால் ஆனது. அவை ஒன்றையொன்று பார்க்கும் முகங்களில் சரிவான பள்ளங்களோ பற்களோ வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் அப்பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் அமர்ந்திருக்கும். எஞ்சின் சக்கரத்தைச் செலுத்தும்போது இரு பகுதிகளும் ஒழுங்காக ஒன்றில் ஒன்று பதிந்து நிற்கின்றன. சக்கரம் எஞ்சினைச் செலுத்த முயலும்போது ஒரு பகுதி மற்றதன் சரிவின் மேல் ஏறுகிறது. ஏறுவதால் பிரஷர் பிளேட் ஒரு மயிரிழை உயர்கிறது. இறுக்கம் குறைந்து பிளேட்டுகள் சற்றே நழுவுகின்றன. முற்றிலும் விட்டுவிடுவதில்லை, தாங்கக்கூடிய அளவு இழுப்பைச் சக்கரத்துக்கு அனுப்பி, மிச்சத்தை மட்டும் நழுவவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிக பாடத்தில் சாய்தளத்தைப் பற்றி நாம் கற்பிக்கும் போது, "இது எதற்கு ஸார் பிரயோஜனம்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு இது நல்ல பதில்.

இந்த யோசனை புதிதன்று. ஹோண்டா கம்பெனியாரின் 1983ஆம் வருஷத்து வி.எப்.750.எப். வண்டியிலேயே, திரும்பி வரும் விசைக்குக் கிளட்சின் ஒரு பகுதி மட்டும் நழுவும் ஏற்பாடு இருந்தது. 2002இல் உலகப் பந்தயங்களின் தலைமைப் பிரிவு மோட்டோ ஜி.பி. என்ற பெயரை ஏற்று, 990 சி.சி. வரையில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இடம் கொடுத்தது. அதற்கு முன் அங்கே ஆட்சி செலுத்திய 500 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இந்தப் பின்னிழுப்பு வெகு சொற்பம்; நான்கு ஸ்ட்ரோக்குக்கோ மிகுதி. ஆகையால் நழுவும் கிளட்சின் மதிப்பு அதன் பின் வெகுவாக உயர்ந்தது. பிறகு கடைகளில் விற்கும் வண்டிகளிலும் இது பரவிற்று. 2006ஆம் வருஷத்து யமஹா ஆர்6, 2017இல் புதுப்பித்த கவாஸகி நின்ஜா 650 ஆகியவை இதனுடனேயே வந்தன. நம் நாட்டு வண்டிகளும் பின்தங்கிவிடவில்லை. 2018இல் விற்பனைக்கு வந்த ராயல் என்பீல்டு 650 வண்டிகளில் இது உண்டு, ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியாரின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டி 2017இல் இது இல்லாமல் வெளிவந்து, 2019இல் இதைப் பெற்றது.

ஆகவே முதற் கேள்வி: உங்கள் வண்டியில் இது ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால், டிராக் டே மட்டும் போகிறவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்நாளில் பல வண்டிகளில் வருவது "அஸிஸ்ட் அண்டு ஸ்லிப்பர்" என்னும் வகை. ஒரு பக்கத்துச் சரிவு எஞ்சின் இழுக்கும்போது பிளேட்டுகளை இறுக்குகிறது; மறு பக்கத்துச் சரிவு சக்கரம் இழுக்கும்போது தளர்த்துகிறது. இதனால் மெல்லிய ஸ்பிரிங்கு போதுமாகி, கைப்பிடி பூப்போல இருக்கும். சாலைக்கு மிக உகந்தது. ஆனால் அதில் நழுவும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அநேகமாக இடமில்லை. பந்தயக்காரர்கள் அதையும் மாற்றுவது இந்தக் காரணத்தினால்தான். பழையது மட்டம் என்பதால் அன்று.

வண்டியில் இது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டிராக் டேக்கென்று பலர் தேடி வாங்கும் பழைய ஸுஸுகி எஸ்.வி.650 இதற்கு நல்ல உதாரணம். 1999இல் வந்த வண்டி; 645 சி.சி.; இரண்டே சிலிண்டர்கள். பின்னிழுப்பு பலமாகவே தெரியும். ஸ்லிப்பர் கிளட்ச் கிடையாது. இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவருக்குப் பின் சக்கரம் துள்ளினால், உடனே பணத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா?

வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். தலைவலிக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மருந்தாகாது. துள்ளலுக்கெல்லாம் கிளட்ச் காரணமாகாது. பின் ஷாக் அப்ஸார்பர் தேய்ந்து போயிருக்கலாம். சங்கிலி அதிக இறுக்கமாக இருக்கலாம். டயரில் காற்று அளவு தப்பியிருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு பரீட்சை உண்டு. ஆளில்லாத நேர்ப் பாதையில், வண்டி நிமிர்ந்திருக்கும்போது, கிளட்ச் கைப்பிடியை முழுவதும் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். மிதமான வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும். கைப்பிடியைப் பிடித்திருக்கையில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவே இல்லை, பின்னிழுப்பும் இல்லை. அப்போதும் சக்கரம் துள்ளினால் குற்றவாளி வேறு யாரோ. உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்லிப்பர் கிளட்சும் அவனைப் பிடித்துக் கொடுக்காது. இந்தப் பரீட்சைக்குச் செலவு ஒரு காசு இல்லை.

துள்ளல் கியர் இறக்கும்போது மட்டுமே வருகிறது என்று நிச்சயமானால், அடுத்த கேள்வி கையைப் பற்றியது. கியரை இறக்கும் கணத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு சிறு திருப்புத் திருப்பி விட்டால், முன் சொன்ன அந்த 2,000 சுற்றை எஞ்சின் தானே ஏற்றிக்கொள்ளும். சக்கரத்தினிடம் கடன் கேட்காது. பிறகு கைப்பிடியைப் பொத்தென்று விடாமல் மெதுவாக விட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். முன் பிரேக்கைப் பிடித்திருக்கும் அதே கையால் இதையும் செய்வது சிரமந்தான். வீணையில் இடது கை பழகுவதும் சிரமந்தான். இதை ஒரு பருவமாவது பழகிவிட்டுப் பின்னர் ஸ்லிப்பர் கிளட்ச் வாங்குகிறவனுக்கு அது நல்ல துணை. பழகாமலே வாங்குகிறவனோ, அது இல்லாத வேறு வண்டியில் ஏறும் நாளில் கஷ்டப்படுவான். மின்சார ஏற்பாட்டினால் எஞ்சினே இந்தத் திருப்பைத் தானாகச் செய்துகொள்ளும் புது வண்டிகளும் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இந்தச் செலவின் அவசியம் மேலும் குறைவு.

இவ்வளவையும் கடந்து, "வாங்குவது நிச்சயம்" என்று வருகிறவருக்குச் சொல்ல வேண்டியவை ஐந்து.

முதலாவது, பொருத்தம். வண்டியின் பெயர் மட்டும் போதாது. வருஷமும் ஒத்திருக்க வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியில் ஒரு வருஷத்துக்கும் மறு வருஷத்துக்கும் கிளட்ச் மாறியிருக்கக்கூடும். புதிய ஹப் பழைய பிளேட்டுகளையே ஏற்குமா, தனிப் பிளேட்டுகள் கேட்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பிளேட்டுகள் தேயும் சாமான். வருஷந்தோறும் கடல் கடந்து வரவழைப்பது என்றால் வீட்டுக் கணக்கு உதைக்கும்.

இரண்டாவது, சீர் செய்யும் வசதி. சரிவு எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு எளிதில் பிரஷர் பிளேட் உயரும். எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ அவ்வளவு பிடிவாதமாக இருக்கும். ஸ்பிரிங்கு மெலிந்தால் சீக்கிரம் நழுவும். பலத்தால் தாமதமாக நழுவும். இங்கே ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஒரே ஸ்பிரிங்கு இரண்டு வேலையும் செய்யும் கிளட்சில், நழுவல் அதிகம் வேண்டுமென்று ஸ்பிரிங்கை மெலிய வைத்தால், எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும்போதும் அது நழுவத் தொடங்கிவிடும். பிளேட்டுகள் கருகிப் போகும். நழுவலுக்கென்று தனி ஸ்பிரிங்கோ, மெல்லிய தகடுகளோ வைத்து அளவை மாற்றக்கூடிய அமைப்புக்கு விலை அதிகம். அந்த அதிக விலைக்கு நியாயமும் உண்டு.

மூன்றாவது, பராமரிப்பு. குண்டுகளும் சரிவுகளும் தேயும், பள்ளம் விழும். அவ்வப்போது மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பிளேட்டுகளை அடுக்கிய மொத்த உயரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று செய்தவர் எழுதியிருப்பார். தேயத் தேய அந்த உயரம் குறைந்து, நழுவும் அளவும் மாறும். மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்கும் பொறுமை இல்லாதவர் இந்தப் பொருளை வாங்காமலிருப்பது உத்தமம்.

நான்காவது, எண்ணெய். கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வண்டிகளில், டின்னின் மேல் "ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ." என்ற குறி உள்ள எண்ணெயையே ஊற்ற வேண்டும். 1998இல் ஜப்பானியர் ஏற்படுத்திய அளவுகோல் அது. உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்த்த மோட்டார் கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால், கிளட்ச் வேண்டிய வேளையிலும் வழுக்கும், வேண்டாத வேளையிலும் வழுக்கும்.

ஐந்தாவது, பொருத்தும் கை. ஹப்பின் நடு நட்டைக் கழற்ற, ஹப்பை அசையாமல் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். மறுபடி முடுக்கும்போது புஸ்தகத்தில் சொன்ன அளவு முடுக்க வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு இந்தக் காரியத்தை முடித்துவிடும் மேஸ்திரிமார் நம் ஊர்களில் உண்டு. அவர்களுடைய சாமர்த்தியத்தை நாம் மதிக்கிறோம். இந்த நட்டை மட்டும் அவர்களிடம் ஒப்பிக்க மாட்டோம். புதிய உராய்வுப் பிளேட்டுகளை எண்ணெயில் ஊற வைத்த பின்னரே அடுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்கிப் பொருத்திய பின் எதிர்பார்க்க வேண்டிய மாறுதல்களும் சில உண்டு. நழுவும் சமயத்தில் சில கிளட்சுகள் கைப்பிடியில் மெல்லத் துடிக்கும்; அது நோயன்று. பேட்டரி தீர்ந்த நாளில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது கடினமாகும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றாதபடி தடுப்பதற்குத்தானே பணம் கொடுத்திருக்கிறோம்! எல்லாவற்றிலும் முக்கியமானது, எஞ்சினின் இழுப்புக் குறைவதால் வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு பிரேக்குகள் மேல் அதிகமாக விழும். முன் பழகிய இடத்திலேயே பிரேக் பிடித்தால் வண்டி அந்த இடத்தில் நிற்காது. ஆதலால் புதுக் கிளட்சோடு போகும் முதல் நாளில், ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்னதாகவே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் மறவாதிருந்தால் நாம் இவ்வளவு எழுதியதற்குப் பலன் கிடைத்ததாகும்.

இனிப் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. அறுபதினாயிரம் அவன் கையில் இருக்குமானால், அது எந்த வரிசையில் செலவாகிறது என்று கேளுங்கள். நல்ல டயர், புதிய பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும், தேயாத ஷாக் அப்ஸார்பர், தோலாடை, தக்க ஆசிரியரிடம் ஒரு நாள் பாடம் ஆகிய இவையெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் கிளட்ச் வரட்டும். ஏனெனில் இவை ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு நிமிஷமும் அவனைக் காப்பவை. ஸ்லிப்பர் கிளட்சோ ஒரே ஒரு கணத்தில், ஒரே ஒரு வகைப் பிழையைப் பொறுப்பது. அந்தப் பொறுமைக்கு மதிப்பு உண்டு. அது கடைசியில் வாங்க வேண்டிய பொறுமை.

வரிசையைக் கேட்டதும் பிள்ளை முகம் சுளித்தால், கோபிக்காமல், அடுத்த டிராக் டேக்கு நீங்களும் அவனோடு புறப்படுங்கள். பார்வையாளருக்கென்று விட்ட இடத்தில், நீண்ட நேர்ப் பாதை முடியும் வளைவின் எதிரே குடையை விரித்துக்கொண்டு நில்லுங்கள். வேகமாய் வந்து பிரேக் போடும் ஒவ்வொரு வண்டியிலும் பின் சக்கரத்தை மட்டும் பாருங்கள். கால் மணி நேரத்தில், துள்ளுவது எது, அமைதியாய் உருள்வது எது என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். பிறகு உங்கள் பிள்ளையின் வண்டி வரும்போது பாருங்கள். அது அமைதியாக உருண்டு சென்றால், அறுபதினாயிரத்தைப் பாங்கியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.